கோலத்தைச் சுற்றிப் போன சைக்கிள்

பனியில் எப்போதும் எனக்கு முன்னால் போன தனம் அக்காவுக்கு,

ராபியா எழுதுகிறேன். நீங்கள் தூங்கவில்லை அக்கா. சைக்கிளை மிதித்துக்கொண்டே கண் அசந்துவிட்டீர்கள் என்று ஊர் சொன்னதே, அது பொய். உங்களுக்குத் தெரியாததா? உங்களிடமே போய்ச் சொல்கிறேன் பாருங்கள். எனக்குத்தான் நீங்கள் போய் ஒரு வருஷம் கழித்து இந்த மார்கழியில் தெரிந்திருக்கிறது.

இதை மனசுக்குள்ளேயே உங்களோடு பேசி முடித்திருக்கலாம். ஆனால் ஊரே வாய் கூசாமல் சொன்ன ஒன்றை நான் மட்டும் காதோடு காதாக மறுத்தால் எப்படி? அதனால் நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். உங்கள் மகள் காவ்யாவிடம் கேட்டுவிட்டேன். வளைவு வீட்டு சுகன்யாவிடமும் கேட்டேன். "எழுதுங்கக்கா, என் பேரப் போட்டே எழுதுங்க" என்றாள். அவள் பெயர் இதில் எதற்கு வருகிறது என்று நீங்களே யோசித்திருப்பீர்கள்.

நீங்கள் போன பிறகு நான் சைக்கிளைத் தொடவில்லை. பின்கட்டில் சாக்கைப் போட்டு மூடி வைத்துவிட்டு டவுன் பஸ்ஸில் போய்வந்தேன். ஒரத்தநாட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தஞ்சாவூர் ரோட்டில் இருக்கிற அந்த ஆஸ்பத்திரி கேன்டீனுக்கு, விடிவதற்குள் போய்ச் சேர வேண்டிய வேலை நமக்கு. வார்டில் இருப்பவர்களுக்கு இட்லியும் கஞ்சியும் நேரத்துக்குப் போக வேண்டும். மற்ற மாதத்தில் பஸ் சரியாகத்தான் வந்தது. மார்கழி பிறந்ததும் பனியில் ஊர்ந்து ஊர்ந்து வர ஆரம்பித்தது. சூப்பர்வைசர் கத்தினார். "பஸ்ஸு லேட்டுன்னா நோயாளிக்குப் பசிக்காதாம்மா?" என்று கேட்டார். மறுநாளே சாக்கை எடுத்துவிட்டுச் சைக்கிளைத் துடைத்தேன்.

தஞ்சாவூரில் என்ன பெரிய குளிர் என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். அவர்களை மார்கழியில் ஒரு நாள் இருட்டோடு சைக்கிளில் ஏற்றிவிட வேண்டும். இரண்டு பக்கமும் கதிர் தலை சாய்த்த சம்பா வயல், அதற்குள் தண்ணீர், பக்கத்திலேயே புது ஆற்றுக் கால்வாய். அத்தனை ஈரமும் மேலே எழுந்து ரோட்டில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஹேண்டில்பாரைப் பிடித்த விரல் மரத்துப்போய், பிரேக் பிடி என்றால் கேட்காது. புருவத்தில் நீர் சொட்டும். மூக்கைத் துடைக்க ஒரு கையை எடுத்தால் வண்டி ஆடும்.

நீங்கள் புடவைக்கு மேல் உங்கள் வீட்டுக்காரர் கணேசன் அண்ணனின் முழுக்கைச் சட்டையைப் போட்டு, காதில் பஞ்சு வைத்து, சிவப்பு மஃப்ளரைத் தலையோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு வருவீர்கள். நான் என் வீட்டுக்காரர் கத்தாரிலிருந்து அனுப்பிய ஜெர்கினுக்குள் இருப்பேன். "பாலைவனத்துல எதுக்குடி ஜெர்கின் விக்கிறான்?" என்று வருஷா வருஷம் அதே கேள்வியைக் கேட்டு வருஷா வருஷம் சிரித்தீர்கள். எனக்கும் பதில் தெரியாது. இப்போதும் தெரியாது.

முன்னால் நீங்கள், பின்னால் நான். பனி கெட்டியாக இருக்கிற நாளில் ரோடும் தெரியாது, வயலும் தெரியாது. உங்கள் பின் சக்கரமும் மட்கார்டில் ஒட்டிய, வெளிச்சம் பட்டால் மின்னும் சிவப்பு வில்லையும் மட்டும் தெரியும். அதைப் பார்த்தே மிதிப்பேன். நீங்கள் பள்ளத்துக்கு விலகினால் நானும் விலகுவேன், பாலம் வருகிறது என்று நீங்கள் எழுந்து நின்று மிதித்தால் நானும் எழுவேன். எங்கே போகிறோம் என்று நான் பார்த்ததே இல்லை.

மார்கழியில் பனியோடு கோலமும் சேர்ந்துகொள்ளும். நாம் போகிற வழியில் வரும் அந்தத் தெருவில் வீடுகள் ரோட்டை ஒட்டியே இருக்கின்றன. தார் ரோடுதான் அவர்களுக்கு வாசல். மற்ற மாதத்தில் நாலு இழை இழுத்துவிட்டு உள்ளே போகிறவர்கள் மார்கழியில் பாதி ரோட்டுக்கு வந்துவிடுவார்கள். நடுவில் சாணி உருண்டை, அதில் பூசணிப்பூ. நீங்கள் ஒரு கோலத்தின் மேலும் சக்கரத்தை ஏற்றியதில்லை. எத்தனை பெரிய கோலமானாலும் வளைந்து சுற்றித்தான் போவீர்கள். பின்னாலேயே நானும் வளைவேன்.

"ஏன்க்கா, கோலம் என்ன புள்ளையா? மேல ஏத்துனா அழுவுமா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"கோலம் அழுவாதுடி. போட்டவ அழுவா."

"விடிஞ்சதும் மாடும் லாரியும் மிதிக்கத்தான போவுது?"

"அது மாடு. நீ என்ன மாடா?"

அன்றைக்குக் கேன்டீன் போய்ச் சேருகிறவரை என்னை "மாடு, மாடு" என்றே கூப்பிட்டுக்கொண்டு வந்தீர்கள்.

சுகன்யா அந்தத் தெரு வளைவில் இருக்கிற வீட்டின் மருமகள். போன மார்கழி, கல்யாணமாகி அவள் இந்த ஊரில் பார்த்த முதல் மார்கழி. புது மருமகள் கை எப்படி என்று தெருவே பார்க்கிறது என்பதால் ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிடப் பெரிதாகப் போட்டாள். நீங்கள் வண்டியை மெதுவாக விட்டு, "என்ன சுகன்யா, இன்னைக்கு ரோடு மொத்தமும் உனக்கேவா?" என்பீர்கள். அவள் மாவுக் கையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். அவள் முகத்தை நாம் வெளிச்சத்தில் பார்த்ததுகூட இல்லை. சிரிப்புச் சத்தத்தை வைத்துத்தான் அடையாளம்.

அந்த நாள் நான் காய்ச்சலில் படுத்திருந்தேன். நீங்கள் தனியாகப் போனீர்கள். வளைவு வீட்டுக்கு எதிரே பின்னால் வந்த பால் வண்டி அடித்துவிட்டது என்று செய்தி வந்தபோது, போர்வையோடு எழுந்து ஓடினேன். அந்த டிரைவர் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "அந்தம்மா ஓரமாத்தாங்க போனாங்க. திடீர்னு நடு ரோட்டுக்கு வந்துட்டாங்க" என்று ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சொன்னது நிஜம்தான் என்று இப்போது தெரிகிறது.

ஓரமாகப் போனவள் நடு ரோட்டுக்கு ஏன் வந்தாள்? அதற்குக் காரணம் இழவு வீட்டிலேயே கிடைத்துவிட்டது. முந்தின ராத்திரி காவ்யாவுக்கு மூச்சு இழுத்திருக்கிறது. மார்கழியில் அவளுக்கு எப்போதுமே அதிகமாக இழுக்கிறதுதானே. உங்களை எழுப்பியிருக்கிறாள். வெந்நீர் வைத்து ஆவி பிடிக்க வைத்து, நெஞ்சைத் தடவிக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தீர்களாம். "ராத்திரி பூரா அம்மா தூங்கவே இல்ல" என்று அவள் உங்கள் காலடியில் விழுந்து கதறினாள். ஊர் அதை அப்படியே பிடித்துக்கொண்டது. தூக்கம் இல்லை, சைக்கிளில் கண் அசந்திருப்பாள், வண்டி நடுவே போயிருக்கும். கணேசன் அண்ணனும் நம்பினார். உண்மையைச் சொன்னால் நானும் நம்பத்தான் செய்தேன்.

இனி இந்த மார்கழியில் நடந்ததற்கு வருகிறேன்.

சைக்கிளை எடுத்த முதல் நாள். உங்கள் திவசம் முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பனி என்றால் அப்படிப் பனி. முன்னால் சிவப்பு வில்லை இல்லை. டைனமோ வெளிச்சம் முன் சக்கரத்தைத் தாண்டவில்லை. ஜெர்கின் தொப்பிக்குள் தலையை இழுத்துக்கொண்டு, இடது ஓரமாகவே ஊர்ந்தேன். அவசரத்தில் காதுக்குப் பஞ்சு வைக்க மறந்திருந்தேன். காது இரண்டும் விண்ணென்று வலித்தது.

வளைவு வந்தது. பனிக்குள்ளிருந்து திடீரென்று ஏதோ வெள்ளையாக என் சக்கரத்துக்கு முன்னால் விரிந்தது. அது கோலம் என்று மனதில் படுவதற்குள் கை வலது பக்கம் திரும்பிவிட்டது. பின்னால் ஹாரன் அலறியது. நான் எப்படி இன்னும் வலது பக்கம் போய் விழுந்தேன், அந்த மினி லாரி எப்படி என்னைத் தொடாமல் போனது, எனக்குத் தெரியாது. ஜெர்கின் கையை எதுவோ உரசியது. அந்தக் காற்றில் துப்பட்டா பறந்து வாய்க்காலில் விழுந்தது. "ஏம்மா, சாவுறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா!" என்று கத்திக்கொண்டே டிரைவர் போய்விட்டான்.

எதிர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். எங்கும் அடியில்லை. தார் ரோட்டின் பனி ஈரத்தில் என் டயர் தடம் தெரிந்தது. இடது ஓரமாகவே வந்து, கோலத்துக்கு ஒரு முழம் முன்னால் வெடுக்கென்று திரும்பி, அதைச் சுற்றிக்கொண்டு நடு ரோட்டுக்குப் போயிருந்தது. கோலத்தில் ஒரு புள்ளி கலையவில்லை.

அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கள் வீட்டு வாசலில் நான் ஒரு நாளும் கோலம் போட்டதில்லை. எங்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. உங்களைக் கேலி செய்தவள் நான். என் கை எதற்குத் திரும்பியது? நான் சொல்லித் திரும்பவில்லை அக்கா. யோசித்தும் திரும்பவில்லை. உங்கள் பின் சக்கரத்தைப் பார்த்துப் பார்த்து மிதித்த கை, முன்னால் நீங்கள் இல்லாமலே திரும்பிவிட்டது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தலையில் யாரோ தண்ணீர்க் குடத்தைக் கவிழ்த்த மாதிரி இருந்தது. பனி இல்லாத நாளில் கோலம் தூரத்திலேயே தெரியும். திரும்பிப் பார்த்து, நிதானமாக வளையலாம். பனியில் அது சக்கரத்துக்கு அடியில் வந்த பிறகுதான் தெரியும். அப்போது வெடுக்கென்று திருப்பினால்தான் உண்டு. எனக்கு ஹாரன் கேட்டது. உங்கள் காதில் பஞ்சு, அதற்கு மேல் மஃப்ளர். அதே இடம் அக்கா. அதே வளைவு. நீங்கள் தூங்கி நடு ரோட்டுக்குப் போகவில்லை. கோலத்துக்கு ஒதுங்கிப் போனீர்கள்.

சுகன்யா உள்ளேயிருந்து ஓடிவந்தாள். என்னைப் பிடித்துத் தூக்கினாள், கை காலைத் தடவிப் பார்த்தாள். பிறகு என் தோளைப் பிடித்து உலுக்கிக் கத்தினாள்.

"எதுக்குக்கா ஒதுங்குனீங்க? மேல ஏத்திட்டுப் போவ வேண்டியதுதான! பாழாப்போன கோலந்தான!"

சொல்லிவிட்டு அந்தக் கோலத்தைக் காலால் தேய்த்து அழித்தாள். பூசணிப்பூவை எட்டி உதைத்தாள். வாசலில் வந்து நின்ற அவள் மாமியார், "என்னடி பண்ற, மார்கழி மாசத்துல!" என்று திகைத்துப் போனார். கோலத்தைப் போட்டது அந்த அம்மாதான் போலிருக்கிறது, கையில் மாவு இருந்தது. பயத்தில் இந்தப் பெண் என்னவோ செய்கிறது என்றுதான் நினைத்தேன். வண்டியை நிமிர்த்திக்கொண்டு, மிதிக்கத் தைரியம் இல்லாமல் புது ஆற்றுப் பாலம்வரை தள்ளிக்கொண்டே போனேன்.

அன்று கேன்டீனில் கஞ்சிக்கு இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். சூப்பர்வைசர் திட்டியது எதுவும் காதில் ஏறவில்லை. காவ்யாவிடம் ஓடிப்போய், "உங்கம்மா தூங்கலடி" என்று சொல்ல வேண்டும் என்பது ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

சாயந்திரம் உங்கள் வீட்டுக்குப் போனேன். கணேசன் அண்ணன் ஈஸி சேரில் இருந்தார். சைக்கிளில் வந்த என்னைப் பார்த்ததும் அவருக்கு முகம் மாறிவிட்டது. "நீயும் ஆரம்பிச்சிட்டியா? பஸ்ல போடின்னு அவகிட்ட தலபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாளா? தூங்குமூஞ்சிக் கழுத, கண்ண மூடிக்கிட்டு மிதிச்சிருக்கா" என்றார். உங்களைத் திட்டித்தான் அவர் இந்த ஒரு வருஷத்தைத் தள்ளியிருக்கிறார். அதை அவர் வாயாலேயே கேட்டபோது பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

காவ்யா டீ போட அடுப்படிக்குப் போயிருந்தாள். உள்ளேயிருந்து ஒரு சத்தம், மெல்லிய விசில் மாதிரி. போய்ப் பார்த்தால் மேடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். உதடு வெளுத்திருக்கிறது, கழுத்தெலும்புக் குழி உள்ளே உள்ளே போகிறது. நான் கத்த வாயெடுத்ததும் வேண்டாம் என்று கை காட்டினாள். ஜாக்கெட்டுக்குள்ளிருந்து இன்ஹேலர் மருந்தை எடுத்து உறிஞ்சி, கொஞ்சம் தணிந்த பிறகுதான் பேச முடிந்தது.

"ராத்திரியிலயும் இப்படியா இழுக்குது?"

"ம்."

"அப்பாவ எழுப்ப வேண்டியதுதான?"

"எழுப்பி? அம்மாவ எழுப்புனேன் சித்தி. என்ன ஆச்சு பாத்தீங்கள்ல?"

டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு எதுவும் நடக்காத மாதிரி சர்க்கரை டப்பாவை மூடினாள். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு வருஷமாக இந்தப் பெண் மூச்சு முட்டி ராத்திரியெல்லாம் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். பத்தடி தூரத்தில் அப்பா குறட்டை விட்டுக்கொண்டிருக்க, ஒரு குரல் கொடுப்பதில்லை. இந்தப் பனிக்காலத்தில் ஒரு நாள் மருந்துக்கு அடங்காமல் போனால்? விடிந்து பார்த்தால்தானே தெரியும்?

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். அம்மா கோலத்துக்கு ஒதுங்கினாள் என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன? யார் போட்ட கோலம்? ஊர் வாயைப் பற்றி உங்களுக்குத் தெரியாதா? நேற்றுவரை தனம் தூங்கிவிட்டாள் என்று சொன்ன அதே வாய், நாளைக்கு வளைவு வீட்டு மருமகள் ஆளைக் கொன்ற மருமகள் என்று சொல்லும். அந்தப் பெண் என்ன தப்புச் செய்தாள்? வாசலில் கோலம் போட்டாள். ஒரு பெண்ணுக்கு மூச்சு வர வேண்டும் என்றால் இன்னொரு பெண்ணின் மூச்சை நிறுத்த வேண்டுமா? நீங்கள் இருந்திருந்தால் இதைக் கேட்டிருப்பேன். கேட்க ஆள் இல்லாமல், டீயைக் குடிக்காமலே வந்துவிட்டேன்.

மறுநாள் வேலை முடிந்து திரும்பும்போது வளைவு வீட்டில் இறங்கினேன். என்ன பேசப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. மாமியார் வெளியே போயிருந்தார். சுகன்யா குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். வெளிச்சத்தில் அவளை அன்றைக்குத்தான் நன்றாகப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கருவளையம். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். நான் ஆரம்பிக்கவே இல்லை அக்கா.

"எனக்குத் தெரியும்க்கா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"தனம் அக்கா எதுக்கு ஒதுங்குனாங்கன்னு."

அவள் நின்றபடியே, கையில் சாம்பல் பிசுக்கோடு, சொல்லிக்கொண்டே போனாள்.

"கோலத்த முடிச்சிட்டு பூ எடுக்க உள்ள போனேன். டமால்னு சத்தம். பூவோடவே ஓடியாந்தேன். அக்கா அந்தப் பக்கம் கெடந்தாங்க. கோலத்துல ஒரு இழைகூட கலையலக்கா. வெச்சது வெச்ச மாதிரி இருந்துச்சு. நான் மொதல்ல கோலத்தத்தான் பாத்தேன். கலையலயேன்னு பாத்துட்டு, அப்பறந்தான் அக்காவ பாத்தேன். அப்பறம் கூட்டம் வந்து எல்லாத்தயும் மிதிச்சிருச்சு. நான் மட்டுந்தான் பாத்தேன். தூங்கிட்டாங்கன்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்க. நானும் சும்மா இருந்துட்டேன். இந்த வருஷம் முடியலன்னு சொல்லி நான் கோலமே போடல. அத்ததான் போடுறாங்க. ரோட்டுல வேணாம் வேணாம்னு சொல்லிப் பாத்தேன், ஏன்னு கேட்டா என்னன்னு சொல்லுவேன்?"

போட்டவள் அழுவாள் என்று சொன்னீர்களே அக்கா. அவள் அழக்கூடாது என்றுதானே அந்தப் பனியில் சக்கரத்தைத் திருப்பினீர்கள்? அவள் ஒரு வருஷமாக, யாருக்கும் தெரியாமல், அடக்கி அடக்கி அழுதிருக்கிறாள். இதை நீங்கள் எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள். நான் அவளைக் கட்டிக்கொண்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

காவ்யா மூச்சு முட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பதை அவளிடம் சொன்னேன். யோசித்துச் சொல், உன் விருப்பம் இல்லாமல் வாயைத் திறக்க மாட்டேன் என்றேன். அவள் யோசிக்கவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "என்னய கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

"இப்பவா? உங்கத்தகிட்ட சொல்ல வேணாமா?"

"வந்து சொல்லிக்கிறேன். இப்ப போவலன்னா அப்பறம் எனக்குத் தைரியம் வராது."

என் கேரியரில் உட்கார்ந்து வந்தாள். வழியெல்லாம் என் ஜெர்கினை இறுக்கிப் பிடித்திருந்தாள். வண்டி ஆடியது. இரண்டு பேரும் கீழே விழாமல் போய்ச் சேர்ந்ததே பெரிது.

உங்கள் வீட்டு வாசல் வெறிச்சென்று கிடந்தது. திவசம் முடிந்துவிட்டது, இனிமேல் கோலம் போடலாம் என்று சொல்லியும் காவ்யா போடவில்லை. கணேசன் அண்ணன் ஈஸி சேரிலேயே இருந்தார். காவ்யா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உட்கார் என்றதற்கு சுகன்யா உட்காரவில்லை. நேராக காவ்யாவைப் பார்த்துச் சொன்னாள்.

"உங்கம்மா தூங்கல காவ்யா. நல்லா முழிச்சிருந்தாங்க. அந்தப் பனியில, அவ்ளோ கிட்டக்க வந்தப்பறமும் என் கோலத்தப் பாத்துட்டாங்க. பாத்ததுனாலதான் ஒதுங்குனாங்க. நான் ரோட்டு வரைக்கும் போட்டிருந்தேன்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். தான் முதலில் கோலத்தைப் பார்த்ததையும் சேர்த்துச் சொன்னாள். அதை விட்டுவிட்டுச் சொல்லியிருக்கலாம், யாரும் கேட்டிருக்கப்போவதில்லை. நான் காவ்யாவின் மூச்சைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு இழைகூட கலையலயா?" என்று கேட்டாள்.

"கலையல."

"சின்ன வளைவா, பெரிய வளைவா?"

சுகன்யா தரையில் குனிந்து விரலால் காட்டினாள். இது கோலம், இப்படி வந்திருக்க வேண்டும், இங்கே திரும்பி, இப்படிச் சுற்றி. காவ்யா அந்த வெறும் தரையையே பார்த்தாள். பிறகு அப்பாவிடம் திரும்பினாள்.

"தூங்குறவங்களுக்கு எப்படிப்பா வளைக்கத் தெரியும்?"

அண்ணன் எழுந்து கொல்லைப்பக்கம் போனார். உங்கள் சைக்கிள் அங்கேதான் நிற்கிறது, கோணிப்போன ஹேண்டிலோடு. அங்கே அவர் என்ன செய்தார் என்று தெரியாது. திரும்பி வரும்போது சுகன்யாவை அடித்துவிடுவாரோ என்றுகூட எனக்குப் பயம். நான் எழுந்து அவளுக்கு முன்னால் நின்றேன். அவர் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, "காப்பி குடிக்கிறியாம்மா?" என்று அவளைக் கேட்டார். கேட்டுவிட்டு அப்படியே நிலையில் சாய்ந்து, "தூங்குமூஞ்சி தூங்குமூஞ்சின்னு ஊரெல்லாம் சொல்லிப்புட்டேனே" என்று வாய்விட்டு அழுதார்.

இனி நல்ல சேதி. சுகன்யா வீட்டுக்குப் போய் மாமியாரிடமும் சொல்லிவிட்டாள். அந்த அம்மா முதலில் நம்பவில்லை, பிறகு சோறு தண்ணி இல்லாமல் கிடந்தாராம். இப்போது அங்கே கோலம் தார் ரோட்டைத் தொடுவதில்லை. மண் ஓரத்தோடு, சின்னதாக, ஒரு பூவோடு முடிந்துவிடுகிறது. ஊர் கொஞ்சம் பேசியது. "எங்கம்மா முழிச்சிருந்துச்சு, அத கொண்டாந்து சொன்னது சுகன்யா" என்று காவ்யா பதில் சொன்ன பிறகு பேச்சு குறைந்துவிட்டது. ஒரேயடியாக நிற்கவில்லை.

பெரிய சேதி இதுதான். முந்தாநாள் கணேசன் அண்ணன் கேன்டீனுக்கே தேடி வந்தார். முகமெல்லாம் தூக்கக் கலக்கம், கண் சிவந்திருந்தது. நான் பதறிப்போய் என்னண்ணே என்றேன். ராத்திரி மூச்சு இழுத்ததும் காவ்யா அவர் தோளைத் தட்டி, "அப்பா, எந்திரிங்க, முடியல" என்றாளாம். வெந்நீர் வைத்து, நெஞ்சைத் தடவி, விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார். "என்னய எழுப்புனா ராபியா" என்று சொல்ல மட்டும் அவ்வளவு தூரம் வந்தார். சொல்லிவிட்டு, தூக்கம் சொக்கியதால், வந்த சைக்கிளைக் கேன்டீனிலேயே விட்டுவிட்டு பஸ்ஸில்தான் திரும்பிப் போனார்.

நான் இன்னும் சைக்கிளில்தான் போகிறேன் அக்கா. அந்த ஒரு வீட்டில் மாற்றிவிட்டார்கள், சரி. வழி நெடுக எத்தனை வீடு? எத்தனை பெண்கள் மாவோடு ரோட்டுக்கு வருகிறார்கள்? அத்தனை பேரிடமும் போய் வேண்டாம் என்று சொல்ல நான் யார்? என் கையைத் திருத்தப் பார்த்தேன். நேராக மேலே ஏற்றிவிடு என்று சொல்லிப் பார்த்தேன். மாட்டேன் என்கிறது. நீங்கள் பழக்கிவிட்ட கை, என் பேச்சைக் கேட்காது.

அதனால் உங்களிடம் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். எத்தனை குளிர் குளிர்ந்தாலும் காதில் பஞ்சு வைக்க மாட்டேன். வலித்தால் வலிக்கட்டும். தெரு தொடங்குகிற இடத்திலேயே வண்டியை விட்டு இறங்கிவிடுவேன். கோலத்தின் மேல் ஏற்றவும் மாட்டேன், அதற்காக நடு ரோட்டுக்குப் பாயவும் மாட்டேன். ஹேண்டிலைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு, பின்னால் ஒரு தடவை பார்த்துக்கொண்டு, சுற்றி நடந்தே போவேன். சூப்பர்வைசர் கத்தினால் கத்தட்டும். போட்டவளும் அழ வேண்டாம், என் வீட்டில் இருப்பவர்களும் அழ வேண்டாம்.

உங்கள் பின் சக்கரத்தைப் பார்த்தே மிதித்து வந்த,
உங்கள் தங்கச்சி மாடு,
ராபியா